ஒரே நோட்டு, ஓராயிரம் சந்தேகம்: குமணன்சாவடி முதல் யூரோ வரை… தெரியுமா?

சென்னையை அடுத்த குமணன்சாவடி சந்திப்பில் டீ குடித்துவிட்டு நீட்டுகிற அதே பத்து ரூபாய் காஷ்மீரிலும் செல்லும், லட்சத்தீவின் கவரத்தியிலும் செல்லும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இருக்கிறது! ஐரோப்பாவில் யூரோ நாணயம் 21 நாடுகளில் ஓடுகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சுமார் 35 கோடிப் பேர். நம் ரூபாயைப் பயன்படுத்துகிறவர்கள் 140 கோடிக்கும் மேல்! அதாவது, உலகமே வாய்பிளந்து பார்க்கிற அந்த ‘பொது நாணய’ச் சோதனையை நான்கு மடங்கு பெரிதாக நாம் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

ஐரோப்பாவில் “ஒரே நாணயம் வேண்டாமப்பா, வம்பு!” என்று சந்தேகப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் நம் ஊரிலும் கேட்கப்பட்டவைதான், கேட்கப்படுகிறவைதான். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஐரோப்பாவின் பொது நாணயத்தை நம் பக்கத்தில் வெட்டிப் பார்த்தார்கள், தெரியுமா?

யூரோவுக்கு 2,000 வருஷம் முன்பே ஐரோப்பாவில் ஒரு பொது நாணயம் இருந்தது. ரோமாபுரிக் காசு! மிளகுக்கும் முத்துக்கும் விலையாக அது தமிழகக் கரைக்கு வந்து கொட்டியது. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசுகளை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி என்ற ரோமானியர் புலம்பியே வைத்திருக்கிறார். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு! ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள். கி.பி. 64-ல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். இந்தியாவில் கிடைக்கும் வெள்ளிக்காசுப் புதையல்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முந்தைய காசுகளே. பழைய காசு என்றால் வாங்கிக்கொள், புதுசு என்றால் வேண்டாம்! அச்சடிக்கிறவனை நம்பலாமா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

ஒரே சென்னையில் நான்கு வகைக் காசு ஓடியது, தெரியுமா?

தங்கத்தில் வராகன், வெள்ளியில் பணம், செம்பில் காசு. கூடவே ஆற்காட்டு ரூபாய் வேறு! கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆனால் கடைத்தெருவில் அந்த விகிதம் நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். நடுவில் உட்கார்ந்து மாற்றிக்கொடுத்த சராப்புகளுக்குக் கொள்ளை லாபம். கூலி வாங்குகிறவனுக்குச் செம்புக்காசு, வரி கட்டும்போது அதற்கு மதிப்புக் குறைவு!

1818-ல் சென்னை மாகாணத்துக்கு ரூபாய்தான் அடிப்படை என்று கம்பெனி அறிவித்தது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று விகிதம் வைத்தார்கள். அந்த ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. 1835-ல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தபோது இதே 180 கிரெயின்தான் எடை. ‘ஒரே இந்தியா, ஒரே ரூபாய்’க்கு நம் சென்னை 17 வருஷம் முன்னோடி!

நாகர்கோவிலில் ‘சக்கரம்’ செலவழித்தார்கள், தெரியுமா?

1835 சட்டம் வந்தும் சமஸ்தானங்கள் மசியவில்லை. நாகர்கோவில் அன்றைக்கு இருந்த திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆனால் வெள்ளைக்காரன் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும்! இந்தக் கணக்கு 1949 வரை நடந்தது.

புதுக்கோட்டை மன்னர் தன் பங்குக்கு பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசை அடித்தார். ஐதராபாத் நிஜாமின் ‘ஹாலி சிக்கா’வோ 7 கொடுத்தால் 6 இந்திய ரூபாய். சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்தது 1948-ல், ஆனால் அந்தப் பணம் முழுதாக ஒழிந்தது 1959-ல்! பாண்டிச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு இந்திய ரூபாய். அதை வெளியிட்டதோ இந்தோசீன வங்கி. இத்தனையையும் விழுங்கித்தான் இன்றைய ரூபாய் நிற்கிறது.

துபாயில் நம் ரிசர்வ் வங்கி நோட்டு ஓடியது, தெரியுமா?

குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன்… எல்லா இடத்திலும் ரூபாய்தான்! அந்த வழியாகத் தங்கக் கடத்தல் பெருகியதால் 1959-ல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில், எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ எழுத்துப் போட்டுத் தனி நோட்டு அடித்தது இந்தியா. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த தினாருக்கு மாறிக்கொண்டன. மிச்சமிருந்தவர்களுக்கு 1966 ஜூன் 6-ல் விழுந்தது இடி. இந்தியா ரூபாயின் மதிப்பை ஒரே அடியாக 36.5 சதவீதம் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் இருந்தது 7.50 ஆனது. டில்லியின் கஷ்டத்துக்காக துபாய் வியாபாரியின் பெட்டியில் இருந்த பணம் இளைத்துப்போனது! கத்தாரும் துபாயும் அந்த வருஷமே ரூபாயைக் கைவிட்டன, ஓமன் 1970-ல் விலகியது.

யூரோவைச் சந்தேகித்தவர்கள் சொன்னதும் இதுதானே? “முடிவு எடுப்பவன் எங்கோ இருக்கிறான், வலி எனக்கு வருகிறது.” வளைகுடா அதை அனுபவித்தே பார்த்துவிட்டது!

தனி நாடு ஆனபிறகும் பாகிஸ்தானுக்கு நம் நோட்டு, தெரியுமா?

1947-ல் நாடு பிரிந்தது. ஆனால் 1948 ஜூன் 30 வரை பாகிஸ்தானுக்கும் ரிசர்வ் வங்கியே மத்திய வங்கி. இந்திய நோட்டின் மேலேயே ‘பாகிஸ்தான் அரசு’ என்று அச்சுக் குத்திக் கொடுத்தார்கள்! இன்றைக்கு? பூடானின் பணம் நம் ரூபாய்க்குச் சமம், ஒன்றுக்கு ஒன்று. நேபாளத்தில் 1993 முதல் நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய். மும்பையில் வட்டி ஏறினால் காட்மாண்டுவில் தும்மல்!

யூரோ நோட்டில் இருக்கும் பாலங்கள் எதுவுமே நிஜமில்லை, தெரியுமா?

நிஜப் பாலத்தைப் போட்டால் “எங்கள் நாட்டுப் பாலம் ஏன் இல்லை?” என்று சண்டை வரும் என்பதால், எந்த ஊரிலும் இல்லாத பாலங்களைக் கற்பனையாக வரைந்தார் ஆஸ்திரியாவின் ராபர்ட் கலீனா. சும்மா இருப்பார்களா நெதர்லாந்துக்காரர்கள்? ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஸ்பைக்கனிசா என்ற ஊரில் அந்த ஏழு பாலங்களையும் நோட்டில் உள்ள அதே நிறத்தில் கட்டியே விட்டார்கள்! 2013-ல் வேலை முடிந்தது.

நம் நோட்டில் எல்லாம் நிஜ இடங்கள்தான். கோனார்க், எல்லோரா, ஹம்பி, செங்கோட்டை. இப்போதைய வரிசையில் தமிழ்நாட்டுச் சின்னம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 1954-ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் இருந்தது யார் தெரியுமா? நம் தஞ்சைப் பெரிய கோயில்! 1978-ல் அந்த நோட்டே செல்லாதென்று ஆனது வேறு கதை.

“வேண்டாம்” என்று சொன்னவர்களும் தப்பவில்லை, தெரியுமா?

1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம்தான் யூரோவுக்குப் பிள்ளையார் சுழி. டென்மார்க் மக்கள் முதல் ஓட்டெடுப்பிலேயே 50.7 சதவீதம் ‘மாட்டோம்’ என்றார்கள். பிரான்சில் 51.04 சதவீதம் ‘சரி’, மயிரிழையில் பிழைத்தது! அதே வருஷம் செப்டம்பர் 16-ம் தேதி, ஐரோப்பிய நாணயங்களோடு பவுண்டைக் கட்டிவைத்திருந்த கயிறு அறுந்தது. பிரிட்டன் ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12, பிறகு 15 என்று அறிவித்தும் பவுண்டைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு வந்த பயம் கடைசி வரை போகவில்லை. பிரிட்டன் யூரோவில் சேரவே இல்லை, 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே வெளியேறியது.

டென்மார்க் 2000-லும் ஸ்வீடன் 2003-லும் ‘யூரோ வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டன. ஆனால் டென்மார்க்கின் குரோனை யூரோவோடு சேர்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்! பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியில் வட்டி மாறினால் கோபன்ஹேகனிலும் பெரும்பாலும் மாறும். கூட்டத்தில் ஓட்டு இல்லை, தீர்மானம் மட்டும் வீட்டுக்கு வந்துவிடும்!

நோபல் பரிசுத் தத்துவம் மணி டிரான்ஸ்பர் கடையில் நடக்கிறது, தெரியுமா?

ராபர்ட் முண்டெல் என்ற பொருளாதார நிபுணர் 1961-ல் ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு பெரிய பரப்புக்கு ஒரே நாணயம் சரிப்படும்? ஒரு பகுதி நொடித்துப்போனால் அங்கே இருப்பவர்கள் வேலை இருக்கும் பகுதிக்குப் போக முடியவேண்டும். அப்படிப் போக முடிந்தால் ஒரே நாணயம் தாங்கும் என்றார். 1999-ல் அவருக்கு நோபல். ‘யூரோவின் தந்தை’ என்ற பட்டமும் அவருக்கே. வேடிக்கை என்னவென்றால், யூரோவை எதிர்த்தவர்கள் கையில் எடுத்ததும் அவருடைய அதே தத்துவம்தான்! “கிரேக்கத் தொழிலாளி ஜெர்மன் பேசுவானா? பின்லாந்துக்கு மூட்டை கட்டுவானா?” என்று கேட்டார்கள்.

இங்கே? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குமணன்சாவடியில் மாங்காடு, குன்றத்தூர் பக்கம் ரோடு பிரிகிற இடத்தில் நின்று பாருங்கள். கட்டட வேலைக்கும் இருங்காட்டுக்கோட்டை, ஶ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் வந்த ஒடியா, பீகார் இளைஞர்கள் இந்தியில் போர்டு எழுதிய செல்போன் கடையில் ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் கமிஷனை எடுத்துக்கொண்டு ஊரில் இருக்கும் அம்மாவின் கணக்குக்குத் தட்டிவிடுகிறார். மாற்று விகிதம் இல்லை, சராப்பு இல்லை! முண்டெல் தாளில் எழுதிய நிபந்தனை அந்தக் கடை வாசலில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

நோக்கியா விழுந்தது இங்கேயும் அங்கேயும் இரண்டு விதமாக, தெரியுமா?

2006-ல் ஶ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுக்கக் கம்பெனி பஸ். வரித் தகராறும் உலகச் சந்தையில் விழுந்த அடியும் சேர்ந்து 2014 நவம்பரில் கதவு மூடியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது.

அதே நோக்கியா சரிந்தபோது அதன் தாய்நாடான பின்லாந்தும் தள்ளாடியது. பக்கத்து ஸ்வீடனிடம் சொந்த குரோனா இருந்தது, பின்லாந்து யூரோவில் மாட்டியிருந்தது. “நம்மிடம் பழைய மார்க்கா இருந்திருந்தால் மதிப்பைக் குறைத்துச் சரக்கை மலிவாக விற்றிருப்போமே!” என்று ஒரு குரல் கிளம்பியது. 50,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு போய், 2016-ல் யூரோவை விட்டு விலகலாமா என்று அந்நாட்டு நாடாளுமன்றமே விவாதித்தது! விலகவில்லை. ஆனால் ஒரு கைப்பேசிக் கம்பெனியின் வீழ்ச்சி எங்கே போய் முட்டியது பாருங்கள்!

ஏ.டி.எம். வரிசையில் கிரேக்கம் நமக்கு அண்ணன், தெரியுமா?

2015 ஜூன் கடைசியில் கிரேக்கத்தில் வங்கிகளை மூடினார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். கடன் வாங்கியது கிரேக்கம், நோட்டு அடிக்கும் உரிமை பிராங்க்பர்ட்டில்! கூட்டுக் குடித்தனம் போட்டுவிட்டு உண்டியலை மட்டும் அவரவர் பெட்டியில் பூட்டிவைத்தால் என்ன ஆகுமோ அது ஆனது. பொதுப் பணம் இருந்தும் பொதுக் கஜானா இல்லை என்பதே யூரோவின் ஓட்டை என்று சந்தேகிகள் ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன் 1997-லேயே எச்சரித்தார்: மாற்று விகிதத்தை நகர்த்திச் சமாளித்திருக்கக்கூடிய சங்கடங்கள் இனி நாடுகளுக்கு இடையே அரசியல் சண்டையாக மாறும் என்று. மாறியது!

அடுத்த வருஷமே நமக்கும் வரிசை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. ஏ.டி.எம்.மில் முதலில் 2,000, பிறகு 2,500. கிரேக்கனுக்குக் கிடைத்ததைவிடக் குறைச்சல்!

இதையும் கேளுங்கள். ஜெர்மனியில் பழைய மார்க் நோட்டை இன்றைக்குக் கொண்டுபோனாலும் அவர்கள் மத்திய வங்கி யூரோ தருகிறது. கெடுவே கிடையாது! இன்னும் 1,200 கோடி மார்க்குக்கு மேல் திரும்பவில்லை. நம் ஊரில் அரிசி டப்பாவுக்கு அடியில் பாட்டி மறந்து வைத்த ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சொந்த நாணயம் இருந்தால் மட்டும் தப்பிக்கலாமா? தெரியுமா?

இலங்கையிடம் 1950 முதல் சொந்த மத்திய வங்கி. சொந்த நோட்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. டாலருக்கு 200 ரூபாய் இருந்தது சில வாரங்களில் 360-க்குப் போனது. பெட்ரோலுக்கு, காஸுக்கு, மருந்துக்கு வரிசை. பொது நாணயத்தில் மாட்டிய கிரேக்கமும் கஷ்டப்பட்டது, தனி நாணயம் வைத்த இலங்கையும் கஷ்டப்பட்டது. ஆக, சந்தேகிகள் சொன்னது பாதி உண்மை. நோட்டு யாருடையது என்பது ஒரு கேள்வி, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி!

பாரீஸில் பிறந்த ‘3’ சென்னைக் கோட்டை வரைக்கும் வந்தது, தெரியுமா?

யூரோ நாடுகளின் பற்றாக்குறை, பொருளாதார உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இந்த 3 எங்கிருந்து வந்தது? 1981-ல் பிரெஞ்சு நிதித்துறையில் இரண்டு இளம் அதிகாரிகள் ஒரு மணி நேரத்துக்குள் யோசித்துச் சொன்ன எண் என்று அவர்களில் ஒருவரான கீ அபேய் பின்னாளில் போட்டு உடைத்தார்! பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லையாம். கூத்து என்னவென்றால், 2003-ல் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றவர்கள் ஜெர்மனியும் பிரான்சும்தான். ஒருவருக்கும் அபராதம் இல்லை.

அதே 2003-ல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்தது. பற்றாக்குறைக்குப் பின்னாளில் திருத்தி வைத்த வரம்பு? 3 சதவீதம்! இங்கே ஜெர்மனி மாதிரி தப்பிக்கவும் முடியாது. அரசியல் சாசனத்தின் 293-வது பிரிவுப்படி, டில்லிக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் மேற்கொண்டு கடன் வாங்க டில்லியின் சம்மதம் வேண்டும்.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலமும் சேர்ந்தாலும் ஜெயிக்க முடியாது, தெரியுமா?

ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு டில்லிக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். கணக்குப் போடுங்கள்! அத்தனை மாநிலமும் ஒரே பக்கம் நின்றாலும் 67 சதவீதத்தைத் தாண்டாது. டில்லியும் தனியாக ஒன்றும் செய்ய முடியாதுதான், ஆனால் தடுக்க முடியும். மாநிலத்தின் வரி உரிமை போகிறது என்ற இந்தக் கவலையோடுதான் 2016 ஆகஸ்ட் 3-ல் மாநிலங்களவையில் அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நேர் எதிர்! வரி விஷயத்தில் 27 நாடுகளும் தலையாட்டினால்தான் நடக்கும். சென்னை அளவுக்குக்கூட பரப்பில்லாத மால்டா ‘முடியாது’ என்றால் ஜெர்மனியும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

ரூபாய்க் குறியை வரைந்தவரும் தமிழர், அதை மாற்றிக் காட்டியதும் தமிழ்நாடு, தெரியுமா?

2010 ஜூலையில் ரூபாய்க்கு ஒரு சின்னம் கிடைத்தது. வடிவமைத்தவர் டி. உதயகுமார். தி.மு.க. முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் மகன்! 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டின் இலச்சினையில் அந்தச் சின்னத்துக்குப் பதில் ‘ரூ’ என்று போட்டார் முதல்வர் மு.க. ஸ்டாலின். நாடு முழுக்கப் பேச்சு! டில்லியில் கண்டனம், இங்கே கைதட்டல். நோட்டில் மாற்றமில்லை, செல்லுபடியில் மாற்றமில்லை. ஒரே நாணயத்துக்குள் இருந்துகொண்டே “நாங்கள் ஒத்துக்கொண்டது இதற்கு மட்டும்தான்” என்று சொல்லிவைத்த விதம் அது.

ஐரோப்பா இப்போதுதான் நம் சண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, தெரியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது பட்ஜெட், உறுப்பு நாடுகளின் வருமானத்தில் சுமார் 1 சதவீதம்தான். நம் 15-வது நிதிக்குழுவோ, பகிரத்தக்க வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. யூரோவில் இல்லாமல் போன பொதுக் கஜானா இங்கே இருக்கிறது! அதனால்தான் நம் சண்டையே வேறு. எவ்வளவு போடுகிறோம், எவ்வளவு வருகிறது?

2011 கணக்குப்படி நாட்டின் மக்களில் தமிழ்நாட்டவர் ஏறக்குறைய 6 சதவீதம். 10-வது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு 6.637 சதவீதம் தந்தது. 15-வது தந்தது 4.079. ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்புகிறது என்பது தி.மு.க. தலைவர்களின் வாதம். பின்தங்கிய மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதானே கூட்டாட்சி, சூத்திரம் போடுவது நிதிக்குழு என்பது டில்லியின் பதில். 15-வது குழுவின் சூத்திரத்தில் 45 சதவீத எடை வருமான இடைவெளிக்கு இருந்தது. மாங்காடு ரோட்டுக் கடையில் பணம் அனுப்புகிற அந்த ஒடியா இளைஞனின் ஊருக்கும் அதில் பங்கு இருந்தது.

2020 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் நான்கு ராத்திரி தூங்காமல் பேசி, கொரோனா நிவாரணத்துக்கு 75,000 கோடி யூரோ பொதுக்கடன் வாங்க ஐரோப்பா ஒத்துக்கொண்டது. “எங்கள் பணம் அவர்களுக்கா?” என்று மல்லுக்கு நின்றவை நெதர்லாந்து, ஆஸ்திரியா, டென்மார்க், ஸ்வீடன். கேட்ட குரலாக இல்லை? இந்தக் கேள்வியைக் கேட்கவே 1951-ல் நாம் முதல் நிதிக்குழுவை அமைத்துவிட்டோம். சாசனத்தின் 280-வது பிரிவுப்படி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் வருவார்கள், கேட்பார்கள், கணக்குப் போடுவார்கள். அவர்கள் போடுகிற கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திருப்தி இல்லை, அதைச் சத்தமாகச் சொல்கிறது. ஆனால் சொல்வதற்கு ஒரு மேசை இருக்கிறது. 21 நாடுகள் ஒரே நோட்டை எண்ணுகிற ஐரோப்பாவில் அந்த மேசையை இன்னும் யாரும் செய்யவில்லை!